சுல்தான் மறைத்த ஏடு

1799ஆம் ஆண்டு மே மாதம் 4ஆம் நாள் ஸ்ரீரங்கப்பட்டணம் வீழ்ந்தது. பிணக்குவியலின் நடுவே சுல்தானின் உடல் கண்டெடுக்கப்பட்டது. அதன்பின் கும்பினியார் அரண்மனையைத் துருவலாயினர். பொன்னும் மணியும் படையினரிடையே பங்கிடப்பட்டன. கர்னல் வில்லியம் கிர்க்பாட்ரிக் என்பார், ஓர் எழுதுமேசையில், இரகசியக் காகிதங்களுடன் கலந்துகிடந்த சிறிய கையேடு ஒன்றைக் கண்டெடுத்தார். சுல்தானின் நம்பிக்கைக்குரிய ஊழியரான ஹபீபுல்லாஹ் அப்போது உடனிருந்தார். அப்படி ஓர் ஏடு உண்டென்பதை அவர் அறிவார். ஆனால் அதுவரை அதனைக் கண்ணால் கண்டதில்லை. அதில் எழுதிக்கொண்டோ அதனைப் படித்துக்கொண்டோ இருக்கும் வேளையில் எவரேனும் அருகே வந்தால், சுல்தான் அதனை மறைத்துக்கொள்வது வழக்கமாம்.

அந்த ஏடுதான் திப்பு சுல்தான் ஷஹீத் அவர்கள் தம் கைப்பட எழுதிவைத்த கனவுக் குறிப்பேடு. பாரசீக மொழியில் அமைந்தது. 1785 முதல் 1798 வரை கண்ட 37 கனவுகள், சுல்தான் தாமே வகுத்த நாட்காட்டியின் மாதமும் ஆண்டும் குறித்து அதில் பதிவாகியுள்ளன. 1800இல் அது கும்பினியின் இயக்குநர்களுக்குக் காணிக்கையாக இலண்டனுக்குச் சென்றது; இன்று அந்நகரின் பிரிட்டிஷ் நூலகத்தில் இருக்கிறது. 1957இல் கராச்சியிலிருந்து டாக்டர் மஹ்மூத் ஹுசைன் முழு ஏட்டையும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து வெளியிட்டார். நம் குடியரசுத் தலைவராயிருந்த டாக்டர் ஜாகிர் ஹுசைனின் இளவல் இவர். ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளில் ஒருவர் இந்நாட்டின் தலைவராகவும், மற்றவர் அந்நாட்டின் அமைச்சராகவும் விளங்கியதைப் போலவே, இந்த ஏட்டின் வாழ்வும் எல்லை கடந்தே அமைந்துவிட்டது.

ஒருவர் மறைத்துவைத்ததை நாம் படிக்கலாமா என்ற கூச்சம் இதனைக் கையில் எடுக்கும் எவருக்கும் எழவே செய்யும். அக்கூச்சம் நல்லதே. அது இல்லாமல் இதனைப் படித்தவர்கள்தாம் இதனைக் கெடுத்தார்கள்.

முதலில் கெடுத்தவர் வென்றவர். கர்னல் பீட்சன் என்பார் 1800இல் மைசூர்ப் போரைப் பற்றி எழுதிய நூலின் பிற்சேர்க்கையில் சில கனவுகளைச் சேர்த்தார். 37இல் மொழிபெயர்க்கப்பட்டிருந்தவை ஆறே ஆறு. அந்த ஆறைக் காட்டி, உறக்கத்திலும் இம்மன்னர் போரையும் பிறமதத்தார் அழிவையுமே எண்ணிக் கிடந்தார் என்று அவர் முடிவு கட்டினார். ஒரு நாட்டைப் பறித்தவர் தம் செயலுக்கு நியாயம் தேடும்போது, இறந்தவரின் கனவைக்கூடச் சாட்சிக் கூண்டில் ஏற்றுவார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. அடுத்துக் கெடுத்தவர்கள் சுல்தானை நேசிப்பவர்கள், அதாவது, நம்மவர்கள். நாயகம் (ஸல்) அவர்களைக் கனவில் கண்ட பேறு ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, அவரை வலிமார் வரிசையில் நிறுத்திவிட்டுப் புத்தகத்தை மூடிவிடுகிறார்கள். ஆறு கனவுகளைப் பொறுக்கியவருக்கும் ஒன்றிரண்டைப் பொறுக்கியவருக்கும் எண்ணிக்கையில்தான் வேறுபாடு.

கனவைப் பற்றி நம் மார்க்கம் காட்டும் ஒழுங்கு மிக நுட்பமானது. நற்கனவு நுபுவ்வத்தின் நாற்பத்தாறு கூறுகளுள் ஒன்று என்னும் ஹதீஸ் நம் வீடுகளில் எல்லோருக்கும் தெரியும். அதே நபிமொழித் தொகுப்பில், காணாத கனவைக் கண்டதாகச் சொல்பவன் மறுமையில் இரண்டு வாற்கோதுமை மணிகளை முடிச்சுப் போடும்படி ஏவப்படுவான், அவனால் அது இயலாது என்னும் எச்சரிக்கையும் இருப்பதை எத்தனை பேர் நினைவில் வைத்திருக்கிறோம்? ஹஜ்ரத் அபூபக்ர் சித்தீக் (ரலி) அவர்கள் ஒருமுறை பெருமானாரின் திருமுன்னர் ஒரு கனவுக்குப் பலன் கூறினார்கள். அதில் ஒரு பகுதி சரி, ஒரு பகுதி தவறு என்று நபிகளார் கூறினார்கள். எது தவறு என்று அவர்கள் வற்புறுத்திக் கேட்டும் நபிகளார் சொல்லவில்லை. சித்தீக்குகளின் தலைவருக்கே பாதிதான் வாய்த்தது என்றால், நாலணாக் கனாநூலைப் புரட்டிப் பலன் சொல்லும் நமக்கு எவ்வளவு வாய்க்கும்?

அந்தக் கனாநூல்களில் பல, இமாம் இப்னு சீரீன் (ரஹ்) அவர்களின் பெயரைச் சுமந்து வருகின்றன. பஸ்ராவில் வாழ்ந்து ஹிஜ்ரி 110இல் மறைந்த அப்பெரியார் அப்படி எந்த நூலும் எழுதி வைத்ததாக ஆய்வாளர்கள் ஏற்பதில்லை. அவரைப் பற்றி வழங்கும் செய்தி ஒன்றே அத்தகைய அகராதிகளை மறுக்கப் போதுமானது. தாம் பாங்கு சொல்வதாக இருவர் கனவு கண்டு வந்தனர். ஒருவருக்கு ஹஜ்ஜு வாய்க்கும் என்றார். மற்றவர் களவுக்குற்றத்தில் சிக்குவார் என்றார். கனவு ஒன்று; கண்டவர் இருவர். ஆளை அறியாமல் கனவை அறிய முடியாது என்பதே இதன் பொருள். ஆகவே, பாம்பு கண்டால் இது, பல் விழுந்தால் அது என்று அகரவரிசையில் பலன் கூறும் நூலைவிட, ஒருவர் தம் கனவைத் தேதியிட்டு எழுதிவரும் குறிப்பேடு ஆயிரம் மடங்கு மேலானது. அதில் கனவுடன் ஆளும் இருக்கிறார்.

இவ்வழக்கம் மைசூரில் தோன்றிய புதுமையன்று. பகுதாதில் வாழ்ந்த ஹன்பலி மத்ஹபின் அறிஞர் இப்னுல் பன்னா, 1068, 1069ஆம் ஆண்டுகளில் எழுதிய நாட்குறிப்பின் ஒரு பகுதி அவர் கையெழுத்திலேயே கிடைத்து, சென்ற நூற்றாண்டின் ஐம்பதுகளில் அச்சேறியது. ஊர்ச்சண்டை, விலைவாசி, மரணச் செய்தி இவற்றின் நடுவே தாம் கண்ட கனவுகளையும் பிறர் தம்மிடம் வந்து கூறிய கனவுகளையும் அவர் எழுதிவைத்திருக்கிறார். கனவும் அன்றாடச் செய்திகளுள் ஒன்றாக அவர்களுக்கு இருந்தது.

காவியத்தில் வரும் கனவுக்கும் குறிப்பேட்டில் வரும் கனவுக்கும் உள்ள வேறுபாட்டை இங்கே சொல்லியாக வேண்டும். உமறுப் புலவரின் சீறாவில் ‘கதீஜா கனவு கண்ட படலம்’ உண்டு. சிலம்பில் ‘கனாத்திறம் உரைத்த காதை’ உண்டு. அந்தக் கனவுகள் பொய்ப்பதில்லை. பொய்க்க முடியாது; ஏனெனில், கதையின் முடிவை அறிந்தவர் அவற்றை எழுதுகிறார். திருமறையின் யூசுப் அத்தியாயத்திலோ கனவின் முடிவை அறிந்தவன் இறைவனே. குறிப்பேடு எழுதுபவனுக்கு அந்த வசதி இல்லை. விடிந்தும் விடியாத பொழுதில், கண்டது மறந்துபோகுமுன் எழுதுகிறான். நாளை என்ன நடக்கும் என்பது அவனுக்குத் தெரியாது. திப்புவின் ஏட்டை நாம் இலக்கியமாகக் கருதுவதற்குக் காரணம் இதுவே. 1799 மே 4ஐ நாம் அறிவோம், எழுதியவர் அறியார்.

ஏட்டிற்குள் செல்வோம்.

1786இல் சாவனூர் அருகே மராட்டியத் தளபதி ஹரிபந்த் பட்கேயின் படையை இரவில் தாக்குவதற்கு முன் கண்ட கனவு ஒன்று. அழகிய இளைஞன் ஒருவன், முன்பின் அறியாதவன், சுல்தானின் அருகே வந்து அமர்கிறான். பெண்ணுடன் பேசுவதுபோல் அவனுடன் வேடிக்கையாகப் பேசுகிறார் சுல்தான். யாருடனும் இப்படி விளையாட்டாகப் பேசுவது நம் வழக்கமில்லையே என்று கனவிலேயே அவருக்குத் தோன்றுகிறது. சற்று நேரத்தில் இளைஞன் எழுந்து நடந்து திரும்பி வந்து, தலைப்பாகையினின்றும் கூந்தலை அவிழ்த்து, மேலங்கியைத் திறக்க, அவன் பெண் என்பது தெரிகிறது. ஆண் உடையில் வந்த பெண் எனத் தாம் ஊகித்தது சரியாயிற்று என்று சுல்தான் அவளிடம் கூறிக்கொண்டிருக்கையில் பொழுது புலர்கிறது. மராட்டியர் ஆணுடை தரித்தவர்களே ஒழிய உண்மையில் பெண்களாகவே ஓடுவர் என்று பலன் கண்டு, அதைப் பிறரிடமும் கூறி, சில நூறு வீரருடன் பாய்ந்து, அவர்களைச் சிதறடித்ததாகவும் எழுதுகிறார்.

பலன் பலித்தது. ஆயினும், இலக்கியம் பலனில் இல்லை. அதற்கு முன் வந்த ஒரு வரிச் செய்தியில் இருக்கிறது. அரசர், படைத்தலைவர், வீட்டில் தந்தை என எப்போதும் விறைத்து நிற்க வேண்டிய ஒருவர், உறக்கத்தில் வேடிக்கை பேசுகிறார். பேசிய மறுகணம் தம்மைத் தாமே கண்டித்துக்கொள்கிறார். வேறெந்த அரச ஆவணத்திலும் இந்தத் திப்பு நமக்குக் கிடைக்கமாட்டார். கனவில் தவழ்ந்த அந்தப் புன்னகையைப் போர்முழக்கம் உடனே விழுங்கிவிடுகிறது. பலன் கூறும் பழக்கம் கனவை எப்படி வறுமைப்படுத்துகிறது என்பதற்கு இது ஓர் எடுத்துக்காட்டு.

மற்றொரு கனவில் மூன்று வெள்ளித் தட்டுகளில் சாறு நிறைந்த பேரீச்சம்பழங்கள் வருகின்றன. ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். தம் தோட்டத்தில் விளைந்தவை என்று சொல்லப்படுகிறது. விழித்ததும் சுல்தான் பலன் எழுதுகிறார்: பகைவர் மூவரின் நாடுகளும் தம் கைக்கு வரும். பின்னர், நிஜாம் அலி இறந்துவிட்டார் என்ற செய்தி வந்ததையும் குறித்துக்கொள்கிறார். அச்செய்தி பொய். ஹைதராபாத் நிஜாம் அலி கான் இறந்தது 1803இல். சுல்தான் ஷஹீதாகி நான்கு ஆண்டுகள் கழித்து. கனவு மெய்ப்பட வேண்டும் என்ற ஏக்கம் ஒரு வதந்தியை எப்படிக் கைநீட்டி வாங்கிக்கொள்கிறது! 1792 உடன்படிக்கையில் பாதி நாட்டையும் மூன்று கோடியே முப்பது இலட்சம் ரூபாயையும் இழந்து, தம் புதல்வர் இருவரைப் பிணையாக அனுப்பிய ஒருவரை நினைத்துக்கொண்டு படித்தால், இந்த இடத்தில் சிரிப்பு வராது.

இக்கனவில் கவனிக்க வேண்டிய இன்னொன்றும் உண்டு. அந்த மூவரையும் ‘காபிர்’ என்ற சொல்லாலேயே அவர் குறிக்கிறார். ஆங்கிலேயர், மராட்டியர், நிஜாம் ஆகியோரே அம்மூவர். நிஜாம் முஸ்லிம், தொழுகிறவர். அவரும் அச்சொல்லுக்குள் அடங்குகிறார் என்றால், இந்த ஏட்டில் அச்சொல் எதிரணி முழுவதையும் சுட்டும் அரசியல் சொல்லாகத் தேய்ந்துவிட்டது என்பது வெளிப்படை. பீட்சன் இதைக் கண்டாரில்லை. அதற்காக, அச்சொல் வரும் இடங்களையெல்லாம் மெழுகித் தடவி மறைத்துவிட்டுப் பதிப்பிக்க வேண்டும் என்பாரையும் நாம் ஏற்க மாட்டோம். குடகிலும் மலபாரிலும் அவர் படை நடத்திய விதத்தைக் குடகரும் மலையாளிகளும் மறக்கவில்லை. நாம் மறைத்தால் அவர்கள் மறந்துவிடப் போவதுமில்லை. ஷஹீதின் கண்ணியம் நம் ஒளிவுமறைவை நம்பி நிற்கவில்லை.

நம் மனத்தை விட்டு அகலாத கனவு பசுவைப் பற்றியது. கன்றுடன் ஒரு பசு. ஆனால் முகமும் தோற்றமும் பெரிய வரிப்புலியினுடையவை. முன்னங்கால்கள் பசுவின் கால்கள், பின்னங்கால்களோ இல்லை. முன்னங்கால்கள் மட்டும் சற்றே அசைகின்றன. அதனை நெருங்கிக் கன்றோடு வெட்டிவிட எண்ணுகையில் விழிப்பு வருகிறது. புலித்தோற்றம் காட்டும் இப்பசு நஸாராக்களே, எளிதில் அழிவர், அந்தக் கால் அசைவு, அவர்களால் சிறிது தொல்லை உண்டென்பதைக் குறிக்கிறது என்று பலன் எழுதுகிறார்.

ஏழு கொழுத்த பசுக்களை ஏழு மெலிந்த பசுக்கள் தின்னக் கண்ட மிஸ்ருநாட்டு மன்னனின் கனவு, குர்ஆன் ஓதும் எவருக்கும் இங்கே நினைவு வரும்; சுல்தானுக்கும் வந்திருக்கும். ஆனால் அம்மன்னன் தானே பலன் கூறிக்கொள்ளவில்லை. சிறையில் கிடந்த ஒருவரிடம் ஆளனுப்பிக் கேட்டான். பஞ்சம் வரும் என்ற பதிலை ஏற்றுக் களஞ்சியம் கட்டினான். நம் சுல்தானோ தாமே கண்டு, தாமே பலன் கூறி, தாமே மறைத்தும் வைத்தார். புலியோ அவருடைய சொந்தச் சின்னம். அரியணையிலும், வீரரின் உடுப்பிலும், பீரங்கியின் வாயிலும் புலி. அந்தப் புலிமுகத்தை அணிந்துகொண்டு கனவில் வந்தது யார்? பகைவர் என்று மட்டுமே அவர் எழுதினார். புலிபோல் தோன்றிப் பின்னங்கால் இல்லாமல் நிற்பது தம் அரசாகவும் இருக்கலாமே என்னும் ஐயம் அந்த விடியலில் அவரைத் தீண்டிச் சென்றிருக்குமோ? கனவு இரு பக்கமும் வாசல் உள்ள வீடு. அவர் ஒரு வாசலைத் தாழிட்டுவிட்டார். பாங்கு கனவு கண்டு வந்த இருவருள் தாம் எவர் என்று எடுத்துக்கூற ஓர் இப்னு சீரீன் அந்த அரண்மனையில் இல்லை.

எல்லாக் கனவும் படுகளத்திலேயே முடிந்துவிடவில்லை. ஷெய்கு சஅதி வருகிறார். அவரைக் கண்ட மாத்திரத்தில் சுல்தான் மரியாதை செய்து வரவேற்கிறார். மௌலானா ஜாமியும் வருகிறார். ஆயிரம் அலுவலுள்ள மன்னரின் உறக்கத்தில் கவிஞருக்கு இடமிருந்தது என்பது நமக்குப் பெருமகிழ்ச்சி. சீனப் பேரரசரின் தூதர் வெள்ளையானை கொண்டுவருகின்றனர். சிக்கந்தருக்கன்றி வேறெவருக்கும் சீனம் வெள்ளையானை அனுப்பியதில்லை என்று கனவிலேயே நினைத்துக்கொள்கிறார். உதவி கேட்டுப் பிரான்சுக்கும் துருக்கிக்கும் தூதனுப்பிக் காத்திருந்தவருக்கு, கேளாமலே தூதர் வரும் கனவு எத்தனை ஆறுதலாயிருந்திருக்கும்!

இனி, பலனே எழுதாமல் அவர் விட்ட கனவு ஒன்று. நம் கணிப்பில் ஏட்டின் மிக உயர்ந்த பக்கம் அதுவே. பின்புறம் சிதைந்த பெரிய கோயில் ஒன்றினுள் சிலருடன் செல்கிறார். சிலைகளின் கண்கள் மனிதக் கண்களைப்போல் அசைகின்றன. கடைசி வரிசையில் இரு பெண் உருவங்கள். அவற்றுள் ஒன்று, தாங்கள் இருவரும் பெண்கள், நெடுங்காலமாக இறைவனைத் தொழுதுவருகிறோம் என்று சொல்கிறது. நல்லது, இறைவனின் நினைவிலேயே ஈடுபட்டிருங்கள் என்று கூறிவிட்டு, இடிந்த கட்டடத்தைப் பழுதுபார்க்கும்படி தம் ஆட்களுக்கு ஆணையிடுகிறார் சுல்தான். விழித்துக்கொள்கிறார். அவ்வளவே.

1791இல் மராட்டியப் படையின் கொள்ளையர் சிருங்கேரி மடத்தைச் சூறையாடியபோது, சங்கராச்சாரியாருக்குக் கடிதம் எழுதி, சாரதையின் திருவுருவை மீண்டும் நிறுவப் பொருளும் அனுப்பியவர் திப்பு. அக்கடிதங்கள் 1916இல் வெளிச்சத்திற்கு வந்தன. கனவையும் கடிதத்தையும் முடிச்சுப்போட்டு, பார்த்தீர்களா என்று மேடையேறத் தோன்றும். நாம் அதைச் செய்ய மாட்டோம். கடிதம் நாடாளும் மன்னரின் செயல்; அதற்கு ஆவணமே போதும், கனவின் துணை வேண்டாம். கனவு வேறு வகையானது. ஓரிறைக் கொள்கையில் ஊறிய உள்ளம், சிலைகள் நிறைந்த இடத்தில் நிற்கிறது; அங்கே உடைக்கவுமில்லை, வணங்கவுமில்லை. அவ்வுருவங்களையே இறைவனை நினைப்பவையாகக் கண்டு, கட்டடம் ஒழுகாமல் பார்த்துக்கொள்ளச் சொல்கிறது. பகலில் எந்த ஆலிமும் எந்த அமைச்சரும் அவருக்கு எழுதிக்கொடுத்திருக்க முடியாத விடை இது. பலன் எழுத அவர் பேனா ஏன் எழவில்லை என்பதும் நமக்கு விளங்குகிறது: இதிலே வெல்வதற்கு எவரும் இல்லை.

நாயகம் (ஸல்) அவர்கள் சம்பந்தமான கனவுகளை இறுதிக்கு வைத்தோம். பெருமானார் தலைப்பாகை வழங்க, ஏழு பூமண்டலங்களின் ஆட்சியும் தமக்குக் கிடைத்ததாக ஒன்றில் பலன் எழுதுகிறார். அவரின்றிச் சுவனத்தில் அடிவைக்கமாட்டேன் எனப் பெருமானார் கூறியதாக, ஹஜ்ரத் அலீ (ரலி) அவர்கள் வாயிலாக, மற்றொன்றில் கேட்கிறார். நபிகளாரைக் கனவில் கண்டவர் மெய்யாகவே கண்டார் என்பது நம் நம்பிக்கை. ஆகவே, கண்டதைப் பற்றி நாம் வாய்திறவோம். பலனைப் பற்றிப் பேச நமக்கு உரிமை உண்டு. ஏழு மண்டலம் கிடைக்கவில்லை. இருந்த ஒரு மண்டலமும் பறிபோயிற்று. கனவு பொய்யென்று இதற்குப் பொருளில்லை. சித்தீக் (ரலி) அவர்களுக்கே நேர்ந்ததுதான் சுல்தானுக்கும் நேர்ந்தது.

நாம் மதித்துப் போற்றுவது வேறொன்று. இத்தகைய கனவு கண்ட மன்னர், தம்பட்டம் அடித்துக் குடிகளிடம் அதைச் சொல்லியிருக்கலாம். போருக்கு ஆள் திரட்ட அதைவிடப் பெரிய கருவி எது? மராட்டியரைப் பற்றிய கனவைச் சொன்னவர், சுவனக் கனவு அடங்கிய ஏட்டை மேசைக்குள் வைத்துப் பூட்டினார். பதினொரு விண்மீன்களும் ஞாயிறும் திங்களும் தமக்குப் பணியக் கண்ட மகனை நோக்கி, இதை உன் சகோதரர்களிடம் சொல்லாதே என்றல்லவா யஅகூப் (அலை) அவர்கள் முதலில் சொன்னார்கள். அந்த அடக்கம் இந்த ஏட்டுக்குள் இருக்கிறது. இன்று நம்மிடையே, நேற்றிரவு கண்டதாகச் சொல்லி நிக்காஹை நிறுத்துவாரும், பாகப்பிரிவினையில் பங்கு கேட்பாரும், புதுக் கபுருக்குப் போர்வை விரிப்பாரும் பெருகியிருக்கும் காலத்தில், பூட்டி வைக்கப்பட்ட அந்த மேசையை நாம் நெடுநேரம் நோக்கி நிற்கிறோம்.

கன்னட நாடகாசிரியர் கிரீஷ் கர்னாட், 1997இல் பி.பி.சி. வானொலிக்காக இக்கனவுகளை நாடகமாக்கினார். சிறந்த நாடகம், சுல்தானை மனிதராக மேடையில் நிறுத்தியது. எனினும், அதிலும் கனவுகள் கோட்டை வீழ்ந்த நாளின் வெளிச்சத்திலேயே நமக்குக் காட்டப்படுகின்றன. நாடகத்திற்கு அது தேவை. ஏட்டுக்கு அது அநீதி.

தமிழகத்திற்கும் சுல்தானுக்கும் உள்ள தொடர்பு இன்று நேற்றையதன்று. ஆற்காட்டில் அடங்கியுள்ள திப்பு மஸ்தான் அவுலியாவின் பெயரே அவருக்கு இடப்பட்டது. அவர் மக்கள் சிறையிருந்தது வேலூர்க் கோட்டையில். 1806 சூலை 10ஆம் நாள் அங்கே சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்தபின் அவர்கள் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார்கள். இந்த ஏட்டைத் தமிழில் பதிப்பிக்க முன்வருவோர்க்கு ஒரு வேண்டுகோள். 37 கனவுகளும், ஒன்றும் விடாமல், தேதியுடன் வரட்டும். கனவு ஓர் எழுத்திலும், சுல்தான் எழுதிய பலன் வேறு எழுத்திலும் அச்சாகட்டும். பலன் இல்லாத இடத்தில் பதிப்பாசிரியர் பலன் எழுத வேண்டாம். மூல ஏட்டில் கனவுகள் நிறைத்த தாள்களைவிட எழுதாமல் விட்ட வெற்றுத் தாள்களே மிகுதி. அவற்றுள் ஒன்றிரண்டையாவது, அச்சுக்கூலி வீணாகிறதே என்று பாராமல், நூலின் இறுதியில் வெறுமையாகவே விட்டுவைக்கட்டும்.